பைத்தான் உதவி: 'பெயர்' என்ற தலைப்பு இருக்கிறது, ஆனாலும் கீ எரர் (அவசரம்)

வண்டன்மேடு_ஏலம்
வணக்கம். தோட்டக் கணக்குக்காக பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறேன். யார் எத்தனை கிலோ பச்சை ஏலக்காய் எடுத்தார்கள் என்று சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பிலிருந்து படித்து ஆள்வாரியாகக் கூட்ட வேண்டும். ஓட்டினால் கீ எரர் (கேட்ட பெயரில் எதுவும் இல்லை என்ற பிழை) வந்து நின்றுவிடுகிறது. 'பெயர்' என்ற தலைப்பு கோப்பில் கண்ணெதிரே இருக்கிறது. நாளை சனிக்கிழமை, சம்பள நாள். கம்பத்து ஆட்கள் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் திரும்புவதற்குள் கணக்கு கையில் இருக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

கூடலூர்வாசி
விண்டோஸா லினக்ஸா? பைத்தான் எந்தப் பதிப்பு? கோப்பைத் திறக்கிற வரியையும் பிழைச் செய்தியையும் முழுசாக ஒட்டுங்கள். இது எதுவும் இல்லாமல் என்ன சொல்வது?

போடிமெட்டு
பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருக்கும். பாமினி காலத்துக் கோப்புகள் இன்னும் எத்தனையோ தோட்ட ஆபீஸ்களில் கிடக்கின்றன. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டும். நோட்பேடில் திறந்து பாருங்கள். தமிழ் தெரியாமல் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் அதுதான்.

வண்டன்மேடு_ஏலம்
நோட்பேடில் நல்ல தமிழ்தான் தெரிகிறது அண்ணே. விண்டோஸ். எக்செலில் சேமித்தது.

கொழிஞ்சாம்பாறை
எனக்கு இது 'ஒ' பிரச்சினை என்று படுகிறது. 'தொகை' என்பதில் வரும் 'தொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக வரும் ஒகரம் ஒன்று, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வருவது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைத்தானுக்கு வேறு வேறு. யூனிகோட்டேட்டா தொகுதியில் இரண்டையும் ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் இருக்கிறது, இரண்டு பக்கத்தையும் அதில் போட்டு எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கூடலூர்வாசி
நல்ல விஷயம்தான், ஆனால் 'பெயர்' என்ற சொல்லில் ஒகரமே இல்லையே. எகரக் கொம்பு எப்போதும் ஒரே குறிதான்.

மூத்த_நிரலர்
ஒவ்வொரு வாரமும் இதே கதை. பிழைச் செய்தியை ஒட்டக்கூடத் தெரியாதவர்கள் சம்பளக் கணக்கை நிரலில் போடக் கிளம்பிவிடுகிறார்கள். தம்பி, முதலில் ஒரு நல்ல அறிமுகப் பாடத்தை ஆரம்பத்திலிருந்து படியுங்கள். தமிழில் தலைப்பு வைத்ததுதான் இங்கே தப்பு. 'நேம்' என்று ஆங்கிலத்தில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

அக்கா_கம்பம்
சார், எடை எழுதுகிற பெண்களுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். அவர்கள் சரிபார்க்க முடியாத கணக்கு யாருக்கு? பைத்தான் 3 வெளிவந்த 2008லிருந்தே மாறிகளின் பெயரைக்கூடத் தமிழில் வைக்கலாம். தலைப்பு வெறும் சரம், அதில் எந்த மொழியும் இருக்கலாம்.

மூத்த_நிரலர்
வைக்கலாம் என்பது வேறு, வைக்க வேண்டும் என்பது வேறு. நாளை மலையாளம் மட்டும் தெரிந்த ஒருவர் அந்த நிரலைப் பார்க்க நேர்ந்தால்?

அக்கா_கம்பம்
வண்டன்மேட்டில் இரண்டும் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் போதும் என்று சொல்கிறவர்களால்தான் எங்கள் பிள்ளைகள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை
மலையாளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராமல் தனியாக நிற்கும் மெய்களுக்கு) தனிக் குறி 2008இல் யூனிகோட் 5.1இல் வந்தது. அதற்கு முன் மெய்யும் சந்திரக்கலையும் (நம் புள்ளி மாதிரி) ஒரு இணைப்புக் குறியும் சேர்த்து எழுதினார்கள். இரண்டு வகையிலும் எழுதிய பெயர்கள் ஒரே பட்டியலில் இருந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். இதை நார்மலைஸ்கூட ஒன்றாக்காது. ஆட்களுக்கு எண் கொடுத்து, எண்ணை வைத்துக் கூட்டுவதுதான் நல்லது.

குமுளி_இரவுப்பணி
தலைப்பு எந்த மொழி என்ற பேச்சு அப்புறம் இருக்கட்டும், காலையில் அவர் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கேட்டவர் நிரலை ஒட்டாவிட்டாலும் ஒன்று நிச்சயம்: கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் குறிமுறை) யூடிஎஃப்-8 என்று கொடுத்திருக்கிறார். கொடுக்காமல் விட்டிருந்தால் நம் ஊர் விண்டோஸ் பெரும்பாலும் 1252 என்ற குறிமுறையில்தான் படிக்கும். தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. 1252இல் அந்த இடம் காலி. 'பெயர்' என்பதன் கடைசிப் புள்ளியிலேயே யூனிகோட் டிகோட் எரர் வந்து நின்றிருக்கும், கீ எரர் வரை போயிருக்காது. மலையாளச் சந்திரக்கலைக்கும் கடைசி பைட் அதே 8டிதான், அதனால் எல்லையின் இரண்டு பக்கமும் இதே கதை.

அப்படியென்றால் சிக்கல் கோப்பின் தொடக்கத்தில். எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்தால் முதல் எழுத்துக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் சேரும்: ஈஎஃப், பிபி, பிஎஃப். இது யூடிஎஃப்-8 என்று எக்செல் அடுத்த முறை அடையாளம் கண்டுகொள்ளத்தான் அது. சாதாரண யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் பைத்தான் அதையும் ஓர் எழுத்தாக எடுத்து முதல் தலைப்போடு ஒட்டிவிடும். அதனால் முதல் நெடுவரிசையின் தலைப்பு மட்டும் மாறிப்போகும். 'எடை' என்று கேட்டுப் பாருங்கள், ஒழுங்காக வரும். முதல் தலைப்பு ஆங்கிலத்தில் 'நேம்' என்று இருந்தாலும் இதேதான் நடக்கும், மூத்தவர் இதைக் கவனிக்க வேண்டும்.

உறுதிசெய்ய, கோப்பைப் படிக்கும் ரீடரின் ஃபீல்ட்நேம்ஸ் என்ற தலைப்புப் பட்டியலை முழுசாக பிரிண்ட் செய்யுங்கள். முதல் தலைப்பை மட்டும் தனியாக எடுத்து பிரிண்ட் செய்தால் ஒன்றும் தெரியாது. பட்டியலாகப் பார்த்தால் 'பெயர்' என்பதற்கு முன்னால் பின்சாய்வுக்கோடு, யூ, எஃப்ஈஎஃப்எஃப் என்று நிற்கும். தீர்வு ஒரே சொல்: என்கோடிங்கில் யூடிஎஃப்-8 என்பதற்குப் பதில் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். கடைசி மூன்று எழுத்து எஸ், ஐ, ஜி. அந்த மூன்று பைட் இருந்தால் நீக்கிவிடும், இல்லாவிட்டாலும் சும்மா படிக்கும்.

போடிமெட்டு
பைத்தான் 3.15இல் யூடிஎஃப்-8தான் இயல்பு என்று முடிவு செய்திருக்கிறார்களே, அப்போது இது தானாகச் சரியாகிவிடாதா?

குமுளி_இரவுப்பணி
ஆகாது. டிகோட் எரர் குறையும். இந்த மூன்று பைட்டை நீக்க அப்போதும் சிக் வேண்டும்.

வண்டன்மேடு_ஏலம்
சிக் போட்டதும் பெயர் வந்துவிட்டது. கூட்டும்போது டைப் எரர் வந்தது, எடையை ஃப்ளோட் (தசம எண்) ஆக்கியதும் போய்விட்டது. சம்பளம் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

கொழிஞ்சாம்பாறை
ஒரே ஆள் இரண்டு பெயரில் வரவில்லையே? மொத்தத்தைக் கைக்கணக்கோடு ஒப்பிட்டீர்களா?

நெடுங்கண்டம்_புதியவர்
எனக்கும் இதே கீ எரர். சிக் போட்டும் போகவில்லை. அவசரம்.

கூடலூர்வாசி
ஃபீல்ட்நேம்ஸ் பட்டியலை பிரிண்ட் செய்து, வருவதை அப்படியே ஒட்டுங்கள். எல்லாத் தலைப்பும் ஒரே சரமாக, நடுவில் அரைப்புள்ளியோடு வந்தால் டிலிமிட்டரை (பிரிக்கும் குறியை) மாற்ற வேண்டும். தலைப்பின் முன்னோ பின்னோ இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.