இங்கிலாந்துக் கால்வாயில் முதல் லாக்: ஓட்டிப் பழகியவர்கள் எழுதுங்கள்

வாடகைப் படகு எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, லைசென்ஸ் வேண்டுமா என்று. கால்வாயில் 'நேரோபோட்' என்ற ஒடுங்கிய நீளப் படகை ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. சாவியைக் கொடுக்கும் முன் படகுத்துறையில் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுப்பார்கள். புதிதாய் வருகிறவருக்கு அதில் பாதி மனதில் தங்காது. கையில் வருவதோ 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம், பதினைந்து டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புப் படகு. பிரேக் கிடையாது. அதனால்தான் இந்த இழை. சொந்தக் கதை வேண்டாம். எதைத் திருப்புவது, எவ்வளவு திருப்புவது, எது தவறும், ஏன் தவறும் என்பதை எழுதினால் போதும்.

உறுப்புகளை நான் சொல்லிவிடுகிறேன். லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், கல் சுவர் வைத்த ஒரு தொட்டி. மேல்மட்டத் தண்ணீர் பக்கம் ஒரு கதவு, கீழ்மட்டத் தண்ணீர் பக்கம் பெரும்பாலும் இரண்டு கதவு. கீழ்க் கதவுகள் இரண்டும் மேல்பக்கம் பார்த்து லேசாகக் கூராகச் சேரும். தண்ணீர் அழுத்த அழுத்த இன்னும் இறுகும். கதவைத் தள்ள நீண்ட மர உத்தரம் இருக்கும். தண்ணீரை விடவும் நிறுத்தவும் 'பேடில்'. நம் ஏரி மதகின் பலகைதான் அது, வேறொன்றும் இல்லை. கரையில் இருப்பது தரை மதகு, கதவிலேயே இருப்பது கதவு மதகு. இவற்றைத் திருகி ஏற்ற 'வின்ட்லஸ்' என்ற எல் வடிவக் கைப்பிடி. அதில் இரண்டு சதுரத் துளை இருக்கும். பல்சக்கரத்தின் தண்டுக்கு எது இறுக்கமாகப் பொருந்துகிறதோ அதைப் போடுங்கள். தளர்ந்த துளையைப் போட்டால் பாதித் திருகலில் வழுக்கும்.

திருகி முடித்ததும் தடுப்புக் கொக்கி பல்லில் விழுந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு, வின்ட்லஸைக் கையோடு கழற்றிவிட வேண்டும். தண்டிலேயே விட்டு, கொக்கி நழுவினால், மதகின் எடை முழுவதும் அந்த இரும்பைச் சுழற்றும். கையும் தாடையும் உடைவது அப்படித்தான்.

*

இறங்கும்போது நடப்பதை நான் சேர்க்கிறேன். லாக் விபத்துகளில் படகையே மூழ்கடிப்பது இதுதான்.

மேல் கதவு உட்கார்ந்திருக்கும் கல்படிக்கு 'சில்' என்று பெயர். அது கதவோடு நிற்காமல் லாக்கின் உள்ளே சில இடங்களில் 5 அடி வரை நீட்டிக்கொண்டிருக்கும். லாக் நிறைந்திருக்கும்போது அது தண்ணீருக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். இறங்கும்போது படகின் பின்முனை, சுக்கான் உட்பட, அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். தண்ணீர் வடியும்போது படகு மெதுவாகப் பின்னால் நகர்ந்துவிடலாம். பின்முனை படியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் முன்முனை மட்டும் தண்ணீரோடு இறங்கிக்கொண்டே போகும். படகு சரிந்து, முன்கதவு வழியாகத் தண்ணீர் புகும். அதற்கு ஒரு சில நிமிடம் போதும்.

அப்படித் தட்டியது தெரிந்தால் செய்ய வேண்டியது: கீழ் மதகுகளை உடனே மூடுங்கள். மூடியானதும் மேல் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து படகை மீண்டும் மிதக்க விடுங்கள். அவசரத்தில் மேல் மதகை முழுவதும் திறந்தால் வெள்ளம் பாய்ந்து படகைப் புரட்டிவிடும்.

ஏறும்போது ஆபத்து முன்முனையில். முன்னால் தொங்கும் கயிற்று மெத்தை, மேல் கதவின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் உயரும், முன்பக்கம் உயராது. அங்கே வைத்தியம் தலைகீழ்: மேல் மதகை மூடு, கீழ் மதகைத் திற. கதவு மதகை எடுத்த எடுப்பில் திறக்காதீர்கள். அதன் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் அருவி மாதிரி முன்தளத்தில் கொட்டும். முதலில் தரை மதகு, அதுவும் பாதி. படகு அடங்கி நின்ற பிறகு மீதி.

கயிற்றைக் கட்டைத் தூணில் இறுக்கிக் கட்டக் கூடாது. ஒரு சுற்று சுற்றிக் கையில் பிடித்து, தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொண்டே வர வேண்டும். முடிச்சுப் போட்டால் படகு கயிற்றில் தொங்கும். பக்கவாட்டில் தொங்கும் மெத்தைகளையும் லாக்குக்குள் நுழையுமுன் மேலே எடுத்துவிடுங்கள். 7 அடி லாக்கில் இரண்டு பக்கமும் சேர்த்தே இரண்டு அங்குலம்தான் இடம். மெத்தை சுவரில் சிக்கினால் படகு ஆப்பு அடித்தது போல நிற்கும்.

மதகு திருகுகிறவர் சுக்கான் பிடிக்கிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போனைப் பார்க்க அது நேரமில்லை.

*

கதவு திறக்கேல்லை எண்டு முதுகு முறியத் தள்ளுற ஆக்களை எல்லா லாக்கிலயும் காணலாம். அவையளுக்காக ஒரு கணக்கு எழுதுறன், பாருங்கோ.

கதவு 7 அடி அகலம், தண்ணிக்குள்ள 6 அடி ஆழம் எண்டு வையுங்கோ. இரண்டு பக்கத்துத் தண்ணிக்கும் இடையில ஒரேயொரு அங்குல வித்தியாசம் கிடந்தாலும் அந்தக் கதவில கிட்டத்தட்ட 100 கிலோ அழுத்தம் நிக்கும். அதைத் தோளால வெல்ல ஏலாது. மட்டம் சரியாக வந்தவுடன கதவு தானாக விட்டுக் குடுக்கும். அதுவரை உத்தரத்தில முதுகைச் சாய்ச்சு, காலை நிலத்தில பதிச்சிருக்கிற செங்கல் வரம்பில ஊண்டி, ஒரே சீராக அழுத்திக்கொண்டு நில்லுங்கோ. இடிக்கிறது, குலுக்கிறது ஒண்டும் உதவாது.

கனநேரமாகியும் மட்டம் வரேல்லை எண்டால் மற்றப் பக்கத்து மதகு ஒண்டு முழுசாக மூடாமல் கிடக்கும். ஒரு கட்டையோ பிளாஸ்டிக் போத்தலோ மதகுக்குள்ள மாட்டியிருக்கும். திரும்பத் திறந்து, ஓடுற தண்ணி அதை இழுத்துக்கொண்டு போக விட்டு, பிறகு மூடுங்கோ.

ஒருக்கா லாக்கை நிரப்ப எவ்வளவு தண்ணி தெரியுமோ? 72 அடி நீளம், 7 அடி அகலம், 8 அடி ஏற்றம் எண்டால் ஏறத்தாழ 1,14,000 லீற்றர். அவ்வளவும் மேட்டில இருக்கிற நீர்த்தேக்கத்தில இருந்து வாறது, இறங்கினால் திரும்பி ஏறாது. அதாலதான் எதிர்ப்பக்கத்தால வேற படகு வருகுதோ எண்டு நடந்து போய்ப் பாக்கச் சொல்லுறது. லாக் அவைக்குத் தோதாக நிறைஞ்சிருந்தால் அவையை முதல் விடுங்கோ. உங்கட அவசரத்துக்குத் தண்ணியைத் திறந்து விட்டால் அவ்வளவும் வீண்.

*

ஏன் 7 அடி என்று பலர் கேட்பதால் கொஞ்சம் வரலாறு.

பிரிட்ஜ்வாட்டர் கோமகனுக்கு வோர்ஸ்லியில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. மான்செஸ்டருக்கு அதை ஏற்றிப்போக ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற ஆலைத் தச்சர் பொறியாளராக இருந்து கால்வாய் வெட்ட, 1761-இல் அது திறந்தது. மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒரே குதிரை 25 டன்னுக்கு மேல் இழுக்கிறது என்றால் பிறகு யார் சேற்றுச் சாலையில் வண்டி ஓட்டுவார்கள்? மட்பாண்டத் தொழில் செழித்த ஸ்டாஃபர்ட்ஷயர் வழியாக அடுத்த பெரிய கால்வாய் டிரென்ட் அண்ட் மெர்சி, 1777-இல் முடிந்தது. அதில் ஹேர்காஸில் குன்றைக் குடைய வேண்டியிருந்தது. அகலமாகக் குடைந்தால் செலவு தாங்காது. லாக்கும் அகலமானால் தண்ணீர் தாங்காது. ஆகவே பிரிண்ட்லி 7 அடியில் நிறுத்தினார். மத்திய இங்கிலாந்தின் பெரும்பாலான கால்வாய்கள் அதே அளவைப் பிடித்துக்கொண்டன. ரயில் வந்ததும் சின்னப் படகின் சரக்கு போட்டி போட முடியாமல் திணறியதற்கும் அதே 7 அடிதான் காரணம்.

கால்வாயின் அடியில் சிமென்ட் எதுவும் இல்லை. களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிதித்து, அடுக்கடுக்காகப் பூசியிருக்கிறார்கள். அது ஈரமாக இருக்கும்வரை ஒழுகாது. காய்ந்தால் வெடிக்கும். அதனால்தான் மதகை மூடாமல் போய் இரண்டு லாக்குக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்பையே வடித்துவிடுவது இவ்வளவு பெரிய குற்றமாகிறது.

ரயில் போட்டி வந்து கூலி குறைந்தபோது, கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் குடும்பங்கள் படகின் பின்னறைக்கே குடிவந்தன. ஏறத்தாழ 10 அடி நீளம், 7 அடிக்கும் குறைந்த அகலம். அதற்குள் அடுப்பு, மடக்குக் கட்டில், பிள்ளைகள். அந்த அறைக் கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் தீட்டிய ரோஜாவும் கோட்டையும்தான் இன்றைக்கும் நினைவுப்பொருள் கடைகளில் தொங்குகின்றன. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி அதோடு முடிந்தது.

பழைய பாலத்தின் அடியில் போகும்போது மூலையில் இருக்கும் இரும்புத் தகட்டை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். விரல் புதையும் ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளம் இருக்கும். குதிரை இழுத்த கயிற்றில் ஒட்டிய மணல், பல பத்தாண்டுகளாக இரும்பை அறுத்த தடம் அது.

*

அடுக்கு லாக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. லெஸ்டர்ஷயரில் ஃபாக்ஸ்டன் என்ற இடத்தில் ஐந்தைந்தாக இரண்டு அடுக்கு, மொத்தம் 10 லாக், 75 அடி ஏற்றம். அடுக்கு என்றால் இடையில் கால்வாயே கிடையாது. ஒரு லாக்கின் கீழ்க் கதவுதான் அடுத்ததன் மேல் கதவு. தானாக உள்ளே நுழையக் கூடாது. படகைக் கட்டிவிட்டு நடந்துபோய் லாக் காவலரிடம் சொல்லி, முறை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அங்கே மதகுகள் சிவப்பு, வெள்ளை என இரண்டு நிறம். சிவப்பு முதலில், வெள்ளை அதன் பிறகு. மாற்றித் திறந்தால் தண்ணீர் போக வேண்டிய பக்கக் குட்டைக்குப் போகாமல் லாக்கின் மேல் வழிந்து ஓடும்.

டிவைசஸ் ஊரின் கேன் ஹில்லில் 29 லாக், 237 அடி ஏற்றம். டார்டெபிக்கில் 30. இங்கே நாள் கணக்கு முக்கியம். மைலையும் லாக் எண்ணிக்கையையும் கூட்டி 3-ஆல் வகுத்தால் வருவது மணி. 9 மைல், 6 லாக் என்றால் 5 மணி நேரம். வேக வரம்பு மணிக்கு 4 மைல்தான். பின்னால் கரையோரம் அலை உடைந்து வந்தால் அதுவே அதிகம், கரையில் படகுகளைக் கட்டியிருக்கும் கூர்முளைகளைப் பிடுங்கிவிடும். ஆழமில்லாத இடத்தில் விசையைக் கூட்டினால் பின்முனை இன்னும் அமுங்கித் தரைதட்டும். குறைத்தால்தான் படகு நகரும்.

*

சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலம் போகும். திரும்புவது நடுவை அச்சாகக் கொண்டு, காரைப் போல முன்பக்கம் மட்டும் அல்ல. முன்முனை வளைவைத் தாண்டிவிட்டது என்று நினைக்கும்போது பின்முனை எதிர்க்கரையைத் துடைத்துக்கொண்டிருக்கும். பின்னோக்கிப் போகும்போது சுக்கான் கேட்காது. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள்.

திடீரென்று விசை செத்து, பின்னால் தண்ணீர் கொதித்தால் சுழலியில் (புரொப்பெல்லரில்) துணியோ கம்பியோ சுற்றிக்கொண்டது என்று பொருள். எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை உருவிப் பையில் போடுங்கள். பின்தளத்துக்கு அடியில் 'வீட் ஹேட்ச்' என்ற மூடி இருக்கும். திறந்து கையை விட்டு, கத்தியால் அறுத்து எடுங்கள். மூடியை மறுபடி பொருத்தி அழுத்தத் திருகை இறுக்காமல் எஞ்சினைப் போட்டால் சுழலியே தண்ணீரை எஞ்சின் அறைக்குள் வாரி இறைக்கும். பல படகுகள் மூழ்கியது இந்த ஒரு திருகால்.

லாக்கை விட்டுக் கிளம்பும் முன்: எல்லா மதகும் இறங்கியிருக்க வேண்டும், கொக்கியைத் தட்டிவிட்டு 'தடால்' என்று விழ விடாமல் திருகியே இறக்கியிருக்க வேண்டும். கதவுகள் மூடியிருக்க வேண்டும். படகில் ஏறியதும் வின்ட்லஸ்களை எண்ணுங்கள். ஒன்று எப்போதும் உத்தரத்தின் மேலேயே கிடக்கும்.