செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எடுத்த அந்தக் காதல் படம்: தப்பு நடிகரிடமா, எடுத்தவர்களிடமா?

காரைக்குடி ரசிகை:
பல வருடம் ஒதுங்கியிருந்த ஒரு நாயகர் மறுபடி நடிக்க வந்திருக்கிறாரே, அந்தப் படத்தைப் பார்த்தேன். அவர்மேல் மரியாதை உண்டு, அதனால் பெயர் வேண்டாம். அறுபது தாண்டியவருக்குக் கருகருவென்று விக், ஒரு சுருக்கம்கூடத் தெரியாதபடி முகத்தைக் கம்ப்யூட்டரில் வழித்திருக்கிறார்கள், ஜோடியாக மகள் வயதில் ஒரு பெண். உதடு ஒரு பக்கம், டப்பிங் ஒரு பக்கம். பின்வரிசைப் பையன்கள் அவரைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு ரொம்ப வலித்தது. வயதானால் காதல் படத்தில் நடிக்கவே கூடாதா?

தேவகோட்டைக்காரர்:
தாராளமாக நடிக்கலாம். வயதை மறைக்கப் பார்த்ததுதான் தப்பு. 1928இல் பிறந்த சிவாஜி 1985இல் ‘முதல் மரியாதை’ செய்தார். கல்யாணமான ஊர்ப் பெரியவருக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் நடுவில் வருகிற அன்பு அது, அந்த வயது வித்தியாசத்தைப் பாரதிராஜா ஒளிக்கவே இல்லை, கதையே அதுதான். 2017இல் ‘ப. பாண்டி’யில் ராஜ்கிரண் தாத்தாவாகவே பழைய காதலியைத் தேடிப் போனார், உருகிப்போய்ப் பார்த்தோம்.

பள்ளத்தூர் பேத்தி:
எனக்கு ஆறவே இல்லை. 60 வயதில் மறுபடி தாலி கட்டுவதை, சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிச் சாந்திக் கல்யாணம் என்று கொண்டாடுகிற ஊர் இது. இங்கே வந்து 60 வயது முகத்தைக் காட்ட வெட்கப்பட்டிருக்கிறார்கள்! அப்புறம் படம் எடுத்த அந்தச் செட்டிநாட்டு வீடு. முகப்பு, நடுமுற்றத்தோடு வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவிலிருந்து பின்தெரு வரை நீள்கிற வீட்டில் ஆத்தங்குடித் தரைக்கல்மேல் அவரை ஸ்லோமோஷனில் நடக்கவிட்டு, மேலே ட்ரோன் பறக்கவிட்டதோடு சரி. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், அறை இருக்கும், சாவி சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும், நல்லது கெட்டது என்றால்தான் கதவு திறக்கும். அப்படி ஒரு வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற பெரியவர், பங்காளி வீட்டுச் சாந்திக்காக வந்து தன் பங்கு அறையைத் திறக்கிற ஒரு பெண், அவளுக்கும் ஐம்பத்தைந்து வயது என்று வைத்தாலே கதை தன்னால் வந்துவிடுமே. வீட்டுக்காரர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேசியிருந்தால் போதும்.

சினிமாப் பித்தன்:
சின்ன பட்ஜெட் படம், இவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

தேவகோட்டைக்காரர்:
தம்பி, பட்ஜெட்டைக் காரணம் சொல்லாதீர்கள். ஏவி.எம். சென்னைக்குப் போகும் முன்னால் இதே காரைக்குடியில், தேவகோட்டை ரோட்டில் கொட்டகை போட்டுத்தான் படம் எடுத்தார்கள். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. விக்குக்கும் முகம் வழிக்கவும் கொட்டிய காசில் நல்ல வசனகர்த்தா ஒருவரை வைத்திருக்கலாம்.

பள்ளத்தூர் பேத்தி:
இடைவேளைக்கு அப்புறம் அவர் திண்ணையில் உட்கார்ந்து சமையல்காரரோடு பேசுகிற காட்சியை மறுபடி பாருங்கள் அக்கா. பின்னணி இசை இல்லை, கேமரா தள்ளி நிற்கிறது, பேச்சும் உதட்டோடு ஒட்டி வருகிறது. நடிப்பு அப்படியே இருக்கிறது அவரிடம். அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடும்முன் முழு ஸ்கிரிப்டையும் வாங்கிப் படிக்கட்டும், விக் வேண்டாம் என்று அவரே சொல்லட்டும். அவர் சொன்னால் கேட்பார்கள்.