சிபில் 628, அட்வான்ஸ் கொடுத்தாச்சு, 50 நாள்தான் இருக்கு. வீட்டுக் கடனுக்கு வழி இருக்குங்களா?

நூல்கண்டு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். கைக்கு 34,000 வருது. சம்சாரம் தனியார் பள்ளில டீச்சர், 18,000. ரெண்டு பேருக்கும் சம்பளம் பேங்க்லதான் ஏறுது.

அவிநாசி பக்கம் 3 சென்ட்ல ஒரு வீடு அமைஞ்சுது. விலை 32 லட்சம். 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூணு மாசம் கெடு போட்டு அக்ரிமென்ட் எழுதியாச்சு. கெடு முடிய இன்னும் 50 நாள் இருக்கு.

25 லட்சம் லோன் கேட்டு ஒரு அரசு வங்கிக்குப் போனேன். சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காக் கட்டினோமான்னு பாத்துப் போடற மார்க்) 628-னு பாத்ததும் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. பயத்துல அதே மாசத்துல இன்னும் மூணு இடத்துல அப்ளை பண்ணினேன். எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க.

காரணம் எனக்கே தெரியும்னு நினைக்கிறேன். கொரோனா சமயத்துல பாதிச் சம்பளம்தான் வந்துச்சு. கிரெடிட் கார்டுல 46,000 நின்னு போச்சு. 2021-ல பேங்க்காரங்களே கூப்பிட்டு 22,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்னாங்க. கட்டினேன். கதை முடிஞ்சுதுன்னு இருந்தேன்.

இப்ப ஒருத்தர் 8,000 கொடுத்தா 20 நாள்ல ஸ்கோரை 750 ஆக்கித் தர்றேங்கிறார். கொடுக்கலாமுங்களா? இல்ல வட்டி கூடப் போனாலும் பரவால்லைன்னு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக்கே போயிடறதா?

ஈரோட்டுக்காரி

முதல்ல அந்த 8,000-ஐ பத்திரமா வச்சுக்கோங்க அண்ணா. என் வீட்டுக்காரர் 6,000 கொடுத்து ஏமாந்தார். அந்த ஆள் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்: ரிப்போர்ட்ல இருந்த எல்லா வரிக்கும் "இது என் லோன் இல்லை"ன்னு ஆட்சேபம் போட்டு விட்டார். பேங்க் "ஆமா, இவருதுதான்"னு பதில் அனுப்பிருச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் போனே எடுக்கலை.

ரிப்போர்ட்டை முழுசா நீங்க பாத்தீங்களா, இல்ல 628-ங்கற நம்பரை மட்டும் பாத்தீங்களா?

நூல்கண்டு

நம்பர் மட்டும்தாங்க. பேங்க்ல அவங்க ஸ்க்ரீன்ல காமிச்சாங்க.

ஓய்வுபெற்ற மேலாளர்

தம்பி, நான் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன். 628 என்பது வெறும் ஜுரக் கணக்கு. எதனால் ஜுரம் என்பது ரிப்போர்ட்டின் உள்ளே இருக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள் உள்ளன. வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை ஒவ்வொன்றும் இலவசமாகத் தரவேண்டும். அவர்கள் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். நீங்கள் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடன் கேட்டு நிறுவனங்கள் பார்க்கும்போதுதான் அது "விசாரணை" என்று பதிவாகும். ஒரே மாதத்தில் நாலு விசாரணை என்றால், அடுத்து பார்க்கும் அதிகாரிக்கு "இவர் எங்கெங்கோ அலைகிறார்" என்றுதான் தோன்றும். இனி ரிப்போர்ட்டைச் சரி செய்யும்வரை எங்கும் விண்ணப்பம் போடாதீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே 36 மாதக் கட்டங்கள் இருக்கும். அதில் 000 என்றால் ஒழுங்காகக் கட்டியது. 30, 60, 90 என்று எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். அந்தக் கட்டங்களைப் படித்துவிட்டு இங்கே எழுதுங்கள். கார்டு விஷயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2021-ல் செட்டில் செய்த ஒரே ஒரு கார்டு இன்றைக்கும் 628-ல் பிடித்து வைத்திருக்கிறது என்றால் கொஞ்சம் இடிக்கிறது. வேறு ஏதோ இருக்கும்.

கடன் கனவு

சார் எங்ககிட்ட லோ சிபில் ஸ்பெஷல் ஸ்கீம் இருக்கு. 550 இருந்தாலும் லோன். இன்பாக்ஸ் வாங்க.

ஈரோட்டுக்காரி

வந்துட்டாருய்யா. அண்ணா, அங்க போயிராதீங்க.

நூல்கண்டு (மறுநாள்)

சார், நீங்க சொன்னது சரியாப் போச்சு. நாலு ரிப்போர்ட்ல ரெண்டு எடுத்தேன். கார்டு "செட்டில்டு"ன்னுதான் இருக்கு. அதுக்குக் கீழ, நான் வாங்காத ஒரு பைக் லோன்! பாத்ததும் பக்குனு ஆயிருச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது: ரெண்டு வருஷம் முன்னாடி மச்சான் வண்டி எடுத்தப்போ ஷோரூம்ல ஒரு கையெழுத்துப் போட்டேன். "சும்மா ஃபார்மாலிட்டி"ன்னாங்க. அதுல நான் ஜாமீன்தாரர்னு இருக்கு. கடைசி மூணு கட்டத்துல 28, 59, 89.

மச்சான்கிட்ட கேட்டா "மூணு ட்யூதானே மாமா, அடுத்த மாசம் கட்டிக்கலாம்"ங்கிறான்.

ஓய்வுபெற்ற மேலாளர்

இதுதான். பழைய காயத்தை விட ஓடுகிற ரத்தம்தான் ஸ்கோரை அடிக்கும். 2021 கார்டு பழைய காயம். மச்சானின் பைக் இன்றைக்கு ஓடுகிற ரத்தம். ஜாமீன் போட்டவர் பெயரிலும் அந்தக் கடன் அப்படியே ஏறும், தாமதமும் ஏறும். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். அப்படி ஆனபின் எந்த அரசு வங்கியும் உங்கள் ஃபைலைத் தொடாது. அடுத்த மாதம் என்ற பேச்சே வேண்டாம். முடிந்தால் இன்றைக்கே.

கார்டு விஷயத்துக்கு: மீதி 24,000-ஐயும் கட்டுகிறேன், கணக்கை "குளோஸ்டு" என்று மாற்றித் தருவீர்களா என்று அந்த வங்கிக்கு மெயில் போடுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பணம். வட்டி சேர்த்துக் கேட்டால் பேரம் பேசுங்கள். கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய தாமதக் கட்டங்கள் அழியாது, ஆனால் "செட்டில்டு" என்ற சொல் போனாலே வங்கி அதிகாரிக்குப் பாதித் தயக்கம் போய்விடும். செட்டில்மென்ட் என்றால் வங்கி நஷ்டப்பட்டது என்று அர்த்தம். உங்களைக் கூப்பிட்டுச் சொன்னவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

வங்கிகள் 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை இந்த ரிப்போர்ட் நிறுவனங்களுக்கு விவரம் அனுப்பவேண்டும். முன்பு மாதம் ஒரு முறைதான். அதனால் 50 நாளில் மாற்றம் தெரிய வாய்ப்பு உண்டு. கட்டிய பிறகும் தவறாகவே காட்டினால் ஆட்சேபம் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

சம்பளக்காரன்

சம்சாரம் பேர்லயே வீட்டை வாங்கி அவங்க பேர்லயே லோன் போட்டா? அவங்க சிபில் நல்லா இருந்தா உங்க 628 தேவையே இல்லையே.

ஓய்வுபெற்ற மேலாளர்

கணக்குப் பாருங்கள். சம்பளத்தில் பாதி வரை தவணை போகலாம் என்று வைத்தால் இவர் மனைவியின் 18,000-க்கு 9,000 தவணை. 8.5% வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய். 10 லட்சம்தான் வரும். இவர் வருமானத்தைச் சேர்த்தால்தான் 25 லட்சம். சேர்த்தால் இவர் ஸ்கோரையும் பார்ப்பார்கள். இருவரும் சேர்ந்து போங்கள், மனைவியை முதல் விண்ணப்பதாரராகப் போடுங்கள். பெண் விண்ணப்பதாரருக்குச் சில வங்கிகளில் வட்டியில் சிறு சலுகையும் உண்டு.

25 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் தவணை சுமார் 21,700. ஹவுசிங் ஃபைனான்ஸில் 12 என்று வைத்தால் 27,500. மாதம் 5,800 வித்தியாசம், 20 வருடத்தில் கிட்டத்தட்ட 14 லட்சம். மச்சான் வண்டியின் மூணு தவணை எவ்வளவு?

நூல்கண்டு

9,600 சார்.

ஓய்வுபெற்ற மேலாளர்

சரி, இனி நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

பத்திர ஆபீஸ் பக்கம்

எல்லாரும் ஸ்கோரைப் பத்தியே பேசுறீங்க. நான் பத்திரம் எழுதறவன், ஒண்ணு கேக்கறேன். 32 லட்சம்னு சொல்றீங்களே, பத்திரத்துல எவ்வளவு போடறதா பேச்சு?

நூல்கண்டு

வழிகாட்டி மதிப்பு 21 லட்சம்தான் வருதாம். அக்ரிமென்ட்லயும் பத்திரத்துலயும் அதையே போட்டுக்கலாம், மீதி 11-ஐ கையில கொடுத்துருங்கன்னு ஓனர் சொன்னார். அட்வான்ஸும் ரொக்கமாத்தான் கொடுத்தேன்.

பத்திர ஆபீஸ் பக்கம்

அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 21-க்கு 1.89 லட்சம், 32-க்கு 2.88 லட்சம். ஒரு லட்சம் மிச்சம்னு தோணும். ஆனா பேங்க் கடன் கொடுக்கறது அக்ரிமென்ட் விலை, இன்ஜினியர் மதிப்பீடு ரெண்டுல எது குறைவோ அதை வச்சு. 30 லட்சம் வரைக்கும் கடன்னா 90 சதவீதம்தான் உச்சம். 21-ல 90 சதவீதம் 18.9. உங்களுக்கு 25 வேணும். சிபில் 800 இருந்தாலும் வராது! விலையை ஏத்தி அக்ரிமென்ட்டைத் திருத்தி எழுதுங்க, பதிவும் பண்ணிடுங்க. தமிழ்நாட்டுல 2012-லிருந்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதியணும்.

ரொக்கம் வேற. வீடு நிலத்துக்கு 20,000-ஓ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக்கூடாது, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். ஓனருக்கு இதைப் பக்குவமாச் சொல்லுங்க, வழிக்கு வருவார். அந்த 2 லட்சத்தைத் திருப்பி வாங்கி பேங்க் வழியாக் கொடுங்க. அப்பதான் உங்க பங்குன்னு பேங்க் ஏத்துக்கும்.

வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் பாத்தீங்க? பதிவுத்துறை சைட்லயே இலவசமாப் பாக்கலாம். 30 வருஷம் போட்டுப் பாருங்க.

சம்பளக்காரன்

இன்னொண்ணு. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-ல வட்டி மானியம் இருக்கு. வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள்ள, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும், குடும்பத்துல யாருக்கும் வேற எங்கயும் பக்கா வீடு இருக்கக்கூடாது. 1.80 லட்சம் வரைக்கும் வரும், ஒரே தடவையா இல்ல, அஞ்சு தவணையா. வீடு நகராட்சி எல்லைக்குள்ளயா ஊராட்சியான்னு பாத்துக்குங்க. பக்கம் பக்கம்னு சொல்றீங்க, ஊராட்சின்னா திட்டத்துல சேருமான்னு கேட்டுக்குங்க.

நூல்கண்டு (ஆறு வாரம் கழிச்சு)

பதில் போட நேரமே இல்லைங்க, மன்னிக்கணும்.

மச்சான் தவணை 9,600-ஐ அன்னிக்கே நான் கட்டினேன். வீட்ல ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை, அது வேற கதை. கார்டு பேங்க்கு 24,000 கட்டி சான்றிதழ் வாங்கியாச்சு. வட்டி கேட்டாங்க, விட்டுட்டாங்க. ஸ்கோர் இப்ப 671. 750 எல்லாம் இல்லை.

முதல் பேங்க் இதுக்கும் முடியாதுன்னுருச்சு. வேற அரசு வங்கிக் கிளைல மேனேஜர் உக்கார வச்சுக் கேட்டார். சான்றிதழ், மச்சான் ரசீது, கொரோனா சமயத்துச் சம்பளச் சீட்டு எல்லாம் காமிச்சு, நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சம்சாரத்தை முதல் ஆளாப் போட்டோம், அவங்களுக்கு 752. ஓனர் முனகிட்டே 29 லட்சத்துக்கு அக்ரிமென்ட் திருத்தினார். 22 லட்சத்துக்குத் தேறியிருக்கு, வட்டி மத்தவங்களை விடக் கால் சதவீதம் கூட. மூணு லட்சம் துண்டு விழுது, நகையை வச்சாகணும்.

ஓய்வுபெற்ற மேலாளர்

நல்லது. நகைக்கடனையும் மேலாளரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். பணம் வழங்கும் முன் மறுபடி ஸ்கோர் பார்ப்பது உண்டு. கடனோடு காப்பீட்டைச் சேர்த்துத் தள்ளினால், அது கட்டாயமில்லை என்பது நினைவிருக்கட்டும். முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தருவார்கள், அதில் எல்லாச் செலவும் சேர்த்த வருட சதவீதம் இருக்கும். அதைத்தான் பார்க்கவேண்டும். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டி ஸ்கோர் ஏறியதும் வட்டியைக் குறைக்கக் கேளுங்கள். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றலாம். மாறும் வட்டியில் தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி முடிக்கும் கட்டணம் கிடையாது. எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவுச் செலவு மட்டும் இன்னொரு தடவை வரும்.

நூல்கண்டு

சரிங்க சார். ஆனா இன்னொரு சிக்கல். பேங்க் வக்கீல் வில்லங்கத்துல ஒரு வரியை வட்டம் போட்டுக் காமிச்சார். ஓனர் 2014-ல இந்த வீட்டு மேல வாங்கின லோனோட எம்ஓடி இன்னும் நிக்குது. 2019-லயே கட்டி முடிச்சு ஒரிஜினல் பத்திரத்தையும் வாங்கிட்டார். ரசீது மட்டும் பதியலை. நான் 30 வருஷம் பாக்காம அஞ்சு வருஷத்துக்குத்தான் பாத்தேன், அதான் தப்பிருச்சு.

பத்திர ஆபீஸ் பக்கம்

இது வாராவாரம் பாக்கற கேஸ். கடன் கொடுத்த பேங்க் கையெழுத்து போட்டு, அதே சார்பதிவாளர் ஆபீஸ்ல ரசீது ஆவணம் பதிஞ்சாத்தான் அந்தச் சுமை போகும். ஓனர் அந்தக் கிளைக்குப் போகணும். எந்தக் கிளை?

நூல்கண்டு

அந்த பேங்க் 2020 ஏப்ரல்ல இன்னொரு பேங்க்கோட சேந்துருச்சுங்க. கிளையையும் மூடிட்டாங்க. பழைய ஃபைலைத் தேடணும், மூணு வாரமாவது ஆகும்னு சொல்றாங்களாம்.

ஓய்வுபெற்ற மேலாளர்

30 நாளில் ஆவணமும் சுமை நீக்கமும் தராவிட்டால் நாளுக்கு 5,000 என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் ஆவணம் திருப்பித் தரவேண்டிய கடன்களுக்குத்தான். இது பழசு. ஓனரிடம் கடன் முடிந்த கடிதம் இருந்தால் இணைந்த வங்கியின் மண்டல அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், வேகமாக நடக்கும். உங்கள் கெடு என்ன ஆயிற்று?

நூல்கண்டு

எட்டு நாள்ல முடியுதுங்க. நேத்து ராத்திரி ஓனரே போன் பண்ணினார். "தம்பி, ரெண்டு மாசம் நீட்டி எழுதிக்கலாமா, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுராதீங்க"ன்னார். யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டேன்.