இலியோஸ்டமியைச் சுற்றித் தோல் புண்ணாகிறது: வழி சொல்லுங்கள்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்து, கழிவைப் பையில் சேர்க்கும்) அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. கடந்த பத்து நாட்களாக ஸ்டோமாவின் (வயிற்றில் வெளியே தெரியும் அந்தக் குடல் வாயின்) கீழ்ப்பக்கத் தோல் சிவந்து, நீர் கசிந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்று கண் கலங்குகிறார். முதல் வாரம் சொல்லிக்கொடுத்த அளவிலேயேதான் இன்றும் பேஸ் பிளேட்டில் (பையைத் தாங்கித் தோலில் ஒட்டும் தகட்டில்) துளை வெட்டுகிறேன். எரிச்சல் தணியட்டும் என்று களிம்பு தடவினேன். அதன்பின் தகடு அரை நாள்கூட ஒட்டி நிற்கவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில் 1

சகோதரி, ஒன்பது ஆண்டுகளாக இலியோஸ்டமியோடு வாழ்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். களிம்பை உடனே நிறுத்துங்கள்; எண்ணெய்ப் பசை இருக்கும் தோலில் எந்தத் தகடும் பிடிக்காது. அறுவைக்குப் பின் வீக்கம் வடிய வடிய ஸ்டோமா ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை சுருங்கிக்கொண்டே வரும் என்பதால், முதல் வாரத்து அளவில் வெட்டிய துளை இப்போது பெரிதாகியிருக்கும். சிறுகுடலிலிருந்து வரும் கழிவில் செரிமான நொதிகள் இருப்பதால், இடைவெளியில் தெரியும் தோலை அது அரித்துவிடும். இன்றே அளந்து, ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள்.

கழற்றிய தகட்டை எறிவதற்கு முன் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் கரைந்து, வெளுத்து, கழிவின் கறை ஓடியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. நான் தோலைப் பார்ப்பதற்கு முன்பே அதைத்தான் பார்ப்பேன்.

பதில் 2

நான் ஸ்டோமா பராமரிப்புச் செவிலியர். மேலே சொன்னது சரி. கசியும் தோலை வெறும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றி உலர்த்துங்கள். புண்ணான இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரை மெல்லத் தூவி, ஒட்டாத தூளைத் தட்டிவிட்டு, ஆல்கஹால் இல்லாத பாதுகாப்புப் படலத்தை அதன்மேல் ஒற்றி உலரவிடுங்கள். தேவையானால் இதையே இன்னும் ஒருமுறை செய்யலாம். தோல் ஆறியதும் பவுடரை நிறுத்திவிட வேண்டும்.

அம்மாவை உட்காரவைத்து வயிற்றைப் பாருங்கள். படுத்திருக்கும்போது சமமாகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்ததும் மடிப்பு விழுந்தால், கழிவு அந்த வழியாகத்தான் ஓடும். மடிப்பைச் சமன்செய்யத் தகட்டுக்கு அடியில் ஸ்டோமாவைச் சுற்றி வளையம் வைக்கலாம். பேஸ்ட் என்பது பசை அல்ல, பள்ளத்தை நிரப்பும் பொருள். ஆல்கஹால் கலந்த பேஸ்ட் புண்ணில் பட்டால் கடுமையாக எரியும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலிசெய்யுங்கள். தகட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ தோன்றினால், மாற்றும் நாள் வரை காத்திராமல் அப்போதே கழற்றிப் பாருங்கள்.

சிவப்பைச் சுற்றிச் சிறு புள்ளிகள் சிதறி அரித்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குரிய மருந்தை மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஊதா நிற ஓரத்துடன் மிகுந்த வலி தரும் குழிப்புண், அல்லது ஸ்டோமாவே கருத்துப்போவது போன்றவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அளந்தேன், 35 மில்லிமீட்டருக்கு வெட்டிவந்தேன், ஸ்டோமாவோ 26தான் இருக்கிறது. தகட்டின் கீழ்ப்பாதி முழுவதும் கரைந்திருந்தது. 28க்கு வெட்டி, பவுடர் இட்டு ஒட்டியதில் இரவு எரிச்சலில்லாமல் தூங்கினார். ஸ்டோமாவைத் துடைக்கும்போது துளி இரத்தம் வந்தது, அது இயல்பானதா?

பதில் 2

துடைக்கும்போது ஓரிரு துளி வந்து உடனே நின்றுவிட்டால் அஞ்ச வேண்டாம். இரத்தக் குழாய்கள் நிறைந்த மென்மையான பகுதி அது. நிற்காமல் வந்தாலோ, உள்ளிருந்து பையில் இரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எட்டாவது வாரம் முடியும்வரை ஒவ்வொரு வாரமும் அளவெடுங்கள்.