சால்மன் ஃப்ளை கட்டத் தெரிந்தவர்கள் மதுரையில் இருக்கிறீர்களா?

தூண்டில் சொந்தங்களுக்கு வணக்கம். நம் கண்மாய் விராலுக்குத் தவளை போதும். ஸ்காட்லாந்தில் இருக்கும் அத்தானோ ஸ்பே ஆற்றுச் சால்மனுக்கு 'வில்லி கன்' ஃப்ளை (தூண்டில் முள்ளில் முடி, சரிகை சுற்றிக் கட்டும் போலி இரை) கட்டித் தரச் சொல்கிறார். கருப்பு உடல், தங்கச் சரிகைச் சுற்று, மேலே மஞ்சள், ஆரஞ்சு, கருப்பு முடி. முட்டையிட ஆறேறும் சால்மன் இரை எடுப்பதே இல்லையாம், ஆனாலும் இதைக் கவ்வும். விசித்திரமான மீன்!

சரிகைக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை. முடிதான் சிக்கல். அங்கே மான்வால் முடி வைக்கிறார்கள். இங்கே மானைத் தொட்டால் ஜெயில். வெள்ளாட்டு வால் முடி சரிவருமா? பட்டுக்குப் போடும் சாயம் முடியிலும் பிடிக்கும் என்கிறார்கள். சின்ன அளவில் சாயம் ஏற்றித் தருபவர் யாராவது உண்டா? அப்புறம், எட்டாம் நம்பர் இரட்டை முள் எந்தக் கடையில் கிடைக்கும்?