பணியிடம் மலையில், பணியாளர் சமவெளியில்: அனுபவப் பகிர்வு

ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்:

பொது சுகாதாரத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பகுதி தஞ்சை டெல்டாவில் கழிந்தது. கிராம சுகாதார செவிலியர்களை மேற்பார்வையிடும் பகுதி சுகாதார செவிலியராகப் பதவி உயர்வு பெற்ற பின் 2009 முதல் 2015 வரை ஜவ்வாது மலையில், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த பகுதியில் பணிபுரிந்தேன். இரண்டு இடங்களிலும் ஒரே துறை, ஒரே ஊதிய விகிதம், ஒரே பதிவேடுகள், ஒரே அரசாணைகள். அப்படியிருந்தும் இவை இரண்டும் ஒரே மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள்தாம் என்று மனம் ஏற்றுக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

டெல்டாவில் எங்கள் நிலையத்தின் வாசலிலேயே பேருந்து நிற்கும். மூன்று செவிலியர்கள் முறை வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்த்தார்கள். சிக்கலான பிரசவம் என்றால் முக்கால் மணி நேரத்தில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்துவிடலாம். அங்கே பணியாற்றிய காலத்தில், ஒரு தாயை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கவலையில் நான் விழித்திருந்த இரவு ஒன்றுகூட இல்லை.

மலைக்குப் போன முதல் ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதுப் பெண், தலைப்பிரசவம். அவளுடைய ஊருக்குத் தார்ச்சாலை கிடையாது. 108 ஆம்புலன்ஸ் தார்ச்சாலை முடியும் இடம் வரைதான் வரும் என்பதால், நான்கு ஆண்கள் தூளி கட்டி, மழையில் ஏழு கிலோமீட்டர் சுமந்து வந்தார்கள். இரவு ஒன்றரை மணிக்கு அவர்கள் நிலையத்தை அடைந்தபோது அங்கே இருந்தவர்கள் நானும் ஒரு பெண் மருத்துவமனைப் பணியாளரும் மட்டுமே. எங்கள் நிலையத்துக்கும் மூன்று செவிலியர் பணியிடங்கள் உண்டு, மூன்றுமே நிரப்பப்பட்டிருந்தன. ஆனால் ஒருவர் அடிவாரத்தில் உள்ள வட்டார நிலையத்தில் மாற்றுப்பணியில் இருந்தார், அதாவது பணியிடம் எங்களிடம், வேலை அங்கே. இன்னொருவர் நகரத்து மருத்துவமனைக்கு ‘தற்காலிக ஏற்பாடாக’ அனுப்பப்பட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எஞ்சிய ஒருவர், தொடர்ந்து மூன்று நாட்கள் இரவும் பகலும் வேலை பார்த்துவிட்டு, காய்ச்சலோடு அன்று மாலைதான் வீட்டுக்குப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. நிலையத்து ஜீப்பில் படுக்க வைத்து, வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே திருப்பத்தூர் வரை இறங்கினோம். அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த வளைவுகளில் எத்தனை முறை அவள் முகத்தருகே குனிந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன் என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் மாதாந்திர ஆய்வுக் கூட்டம். எங்கள் நிலையத்துக்கு நேரே எழுதியிருந்தது இதுதான்: அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் 3, நிரப்பப்பட்டவை 3, காலி 0. மாற்றுப்பணிக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. மூவரின் ஊதியமும் மலை நிலையத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டது. அதனால் மாவட்டத்தில் இருந்து பார்த்தாலும் சென்னையில் இருந்து பார்த்தாலும், மலைக்கு ஒதுக்கிய பணம் மலைக்கே செலவானதாகத்தான் தெரியும். அந்தப் பணத்துக்கு உரிய கைகள் சமவெளியில் வேலை செய்துகொண்டிருந்தன.

நிதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு 25,000 ரூபாய் நிபந்தனையற்ற நிதியும், பராமரிப்புக்கு 50,000 ரூபாயும், நோயாளர் நலச் சங்கத்துக்கு 1,00,000 ரூபாயும் கிடைத்து வந்தன. டெல்டாவில் அந்தப் பணத்தில் நாற்காலிகள் வாங்கினோம், குடிநீர் வசதி செய்தோம், சுவருக்கு வண்ணம் பூசினோம். மலையில் அதே தொகை ஜெனரேட்டர் டீசலுக்கும், கோடையில் தண்ணீர் லாரிக்கும், ஜீப்பின் டயருக்கும் போய், ஆவணிக்குள் தீர்ந்துவிடும். இரண்டு இடங்களுக்கும் ஒரே தொகையைக் கொடுத்தவர்கள் நியாயமாக நடந்துகொண்டதாகவே நினைத்திருப்பார்கள்.

வேறுபாட்டை அரசு அறியாமலும் இல்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதே முறையில் 30,000, 20,000 என்று விதியே இருக்கிறது. ஆனால் டெல்டாவில் ஒரு கிராம சுகாதார செவிலியர் 5,000 பேரையும் மிதிவண்டியிலேயே போய்ப் பார்த்துவிட முடிந்தது. மலையில் என்கீழ் இருந்த ஒருவருக்கு 3,000க்கும் குறைவான மக்கள். அவர்களோ பதினேழு குக்கிராமங்களில் சிதறிக் கிடந்தார்கள். ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட அவர் அரை நாள் நடந்திருக்கிறார். விதி தலைகளை எண்ணுகிறதே தவிர, நடக்க வேண்டிய தூரத்தை எண்ணுவதில்லை.

இதேபோன்ற அனுபவம் உள்ளவர்கள், எந்தத் துறையாக இருந்தாலும், எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரசு மருத்துவர்:

அம்மா எழுதியதைப் படித்தபின் அமைதியாக இருக்க முடியவில்லை. மாற்றுப்பணியால் ஏற்படும் இழப்பை நான் மறுபக்கத்தில் இருந்து பார்த்தவன்.

மலைப்பகுதி நிலையம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். நான் அங்கே போனதற்குச் சேவை மனப்பான்மை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். தொலைவான, கடினமான பகுதிகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு, முதுநிலைப் படிப்புக்கான தேர்வில் ஓராண்டுக்கு 10 விழுக்காடு வீதம் அதிகபட்சம் 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் உண்டு. என்னோடு படித்தவர்களில் மலைக்கு விரும்பிப் போன அனைவருமே அதை மனத்தில் வைத்துத்தான் போனார்கள். அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நாங்கள் மகிழ்ந்ததற்கும் இதுவே காரணம். இந்த ஊக்கம் இல்லாவிட்டால் பல மலை நிலையங்களுக்கு மருத்துவரே வந்திருக்கமாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் நான் இறங்கிவிட்டேன். எனக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் போனார், பின்னால் வந்தவரும் அப்படித்தான் போயிருப்பார். கடைசி நாளில் ஒரு முதியவர், காசநோய் மருந்தை ஆறு மாதம் ஒழுங்காக உட்கொண்டு குணமானவர், என்னிடம் கேட்டார்: “அடுத்து வர்றவருக்கும் எங்க பேச்சு புரியறதுக்கு ஒரு வருசம் ஆகுமா, ஐயா?” அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முதல் ஓராண்டை அவர்கள் பேச்சையும் உணவுப் பழக்கத்தையும் கற்பதிலேயே கழித்திருந்தேன். அவர்கள் என்னை நம்பத் தொடங்கிய பிறகு எனக்கு மிஞ்சியிருந்தது ஓராண்டுதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நானே அடிவாரத்தில் மாற்றுப்பணியில் இருந்தேன். முகாம் என்றார்கள், பிறகு டெங்கு என்றார்கள், பிறகு அங்கே மருத்துவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். ஒவ்வொரு காரணமும் உண்மையானது. ஆனால் சமவெளியில் ஆள் குறைந்தால் மலையில் இருந்து எடுக்கிறார்கள். மலையில் ஆள் குறைந்தபோது சமவெளியில் இருந்து ஒருவரை மேலே அனுப்பியதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. நகரத்தில் ஒரு நாள் மருத்துவர் இல்லாவிட்டால் மறியல் நடக்கும், செய்தியாளர்கள் வருவார்கள். மலையில் வந்தவர்கள் திண்ணையில் காத்திருந்துவிட்டுத் திரும்பி நடப்பார்கள்.

ஊராட்சி மன்றத் தலைவர், கள்ளக்குறிச்சி மாவட்டம்:

டாக்டர் சொன்னது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். கல்வராயன் மலையை ஒட்டிய ஊராட்சி எங்களுடையது. 2019இல் விழுப்புரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது ஊரே கொண்டாடியது. அதுவரை ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை இழந்து விழுப்புரம் போய்வர வேண்டும்.

அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு விலை இருந்தது. தமிழகத்தில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு (மத்திய வரி வருவாயை எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் குழு) மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் வார்டு மறுவரையறை முடியவில்லை என்பதால் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், தென்காசி, திருநெல்வேலி ஆகிய 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. செவிலியர் அம்மா பணிபுரிந்த மலைப்பகுதியும் எங்கள் மலையும் இந்த ஒன்பதுக்குள்தான் வருகின்றன. கேட்பாரற்றுக் கிடந்த ஊர்களுக்கே இன்னும் இரண்டு ஆண்டுகள் கேட்க ஆளில்லாமல் போயிற்று. கொரோனாவின் முதல் அலையையும் இரண்டாம் அலையையும் நாங்கள் தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லாமல்தான் கடந்தோம்.

நான் பொறுப்பேற்றபின் முதலில் வந்த மனு குடிநீருக்கானது. மேட்டுத் தெருவில் ஐம்பது வீடுகள். சமவெளி ஊராட்சியில் ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்கு ஆகும் செலவைப்போல இரண்டு மடங்கு எங்களுக்கு ஆகிறது: பாறை, ஆழம், வண்டி ஏறும் வாடகை எல்லாம் சேர்ந்துகொள்ளும். மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஆனால் எங்களுக்கு வரும் பங்கில் மக்கள்தொகைக்கே பெரிய எடை. வீட்டு வரி என்று எங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊராட்சிக்குத் தொழிற்சாலை வரி வருகிறது, கட்டட அனுமதிக் கட்டணம் வருகிறது. அவர்கள் தெருவிளக்கை எல்.இ.டி.யாக மாற்றிக்கொண்டிருந்த ஆண்டில், நாங்கள் பழுதான மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு சின்னசேலத்துக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தோம்.

மருந்தாளுநர்:

சரியாக நடக்கும் ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994இல் தொடங்கப்பட்டதில் இருந்து மருந்துக் கொள்முதல் ஒரே இடத்தில் நடக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள ஒதுக்கீட்டுக்கு ஏற்ப மாவட்டக் கிடங்கில் மருந்து எடுத்துக்கொள்கிறோம். நகரத்திலும் மலையிலும் ஒரே மாத்திரை, ஒரே தரம். நான் இரண்டு இடங்களிலும் வேலை பார்த்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்வேன். மருந்தை மாற்றுப்பணிக்கு அனுப்ப முடியாது. மலையின் பெயரில் எடுத்த மருந்து மலைக்குத்தான் வந்து சேர்ந்தது. கிடங்குக்குப் போய்வரும் டீசல் செலவு மட்டும் எங்களுக்கு மூன்று மடங்கு ஆகும்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

பணியின் காரணமாகப் பாட்னாவில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மையாரின் மருமகள் பிரசவத்துக்கு அரசு நிலையத்துக்குப் போய், அங்கே யாரும் இல்லாததால் வீட்டுக்குத் திரும்பி, வீட்டிலேயே பெற்றாள். குழந்தை மூன்றாம் நாள் இறந்தது. அந்தத் தாயிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் என் மனைவியும் நின்ற நாளை மறக்க முடியாது. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பிரசவம் தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு, பீகாரில் 76.2. ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு மரணம் இங்கே 18.6, அங்கே 46.8. இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டு வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே மத்திய வரிப் பகிர்வு பற்றி நம்மவர்கள் பேசும்போது எனக்குள் இரண்டு எண்ணங்கள் மோதும். தமிழ்நாட்டின் பங்கு 13ஆவது நிதிக்குழுவில் 4.969 விழுக்காடாக இருந்தது, 14ஆவதில் 4.023ஆகச் சரிந்து, 15ஆவதில் 4.079 ஆயிற்று. 15ஆவது குழு வருமான இடைவெளிக்கு, அதாவது ஒரு மாநிலத்தின் தனிநபர் வருமானம் வளமான மாநிலத்தைவிட எவ்வளவு குறைவு என்பதற்கு, 45 விழுக்காடு எடை கொடுத்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்காக 12.5 விழுக்காடு ஒதுக்கியது. நன்றாகச் செய்தவர்கள் இழக்கக்கூடாது என்ற நம் வாதம் சரியானதே; அதை நானும் பல இடங்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஏழ்மையும் தூரமும் கூடுதல் செலவைக் கேட்கும் என்பதும் உண்மை. அதே உண்மையைத்தான் செவிலியர் அம்மாவும் கள்ளக்குறிச்சித் தலைவரும் நம் மாநிலத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். தில்லியிடம் நியாயம் கேட்கும் நாம், ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் அதே நியாயத்தைத் தரவில்லையென்றால் நம் குரலில் வலு இருக்காது.

அம்மாவிடம் ஒரு கேள்வி. அந்தப் படிவத்தைத் திருத்தும் பொறுப்பு உங்களிடம் இருந்திருந்தால் எதைச் சேர்த்திருப்பீர்கள்?

ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்:

ஐயாவுக்கு வணக்கம். பாட்னாவில் நீங்கள் கண்டதைப் படித்து மனம் கனத்துப்போனது. அந்தப் பெண்ணுக்கும் என் மலைப் பெண்ணுக்கும் நடுவே இருந்தது ஒரு ஜீப் மட்டுமே.

நான் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தைச் சேர்த்திருப்பேன்: கூட்டம் நடக்கும் நாளுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு நிலையத்தில் நேரில் இருந்தவர்கள் எத்தனை பேர். அதை நிலையத்து வருகைப் பதிவேட்டில் இருந்து அப்படியே எடுத்து எழுத வேண்டும். ஊதியப் பட்டியலில் இருந்து எழுதக்கூடாது. 2012இல் நான் இதைத் தனித்தாளில் எழுதி, ஒவ்வொரு மாதமும் அறிக்கையோடு இணைத்து அனுப்பத் தொடங்கினேன். எட்டு மாதங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்பதாம் மாதம் புதிதாக வந்த ஓர் அதிகாரி, கூட்டத்தில் அந்தத் தாளை எடுத்து வாசித்து, ‘இந்த 1 என்பது என்ன?’ என்று கேட்டார். விளக்கினேன். இரண்டு வாரத்தில் ஒரு செவிலியர் மலைக்குத் திரும்பி வந்தார்.

அதே ஆண்டு மார்கழியில் அந்த மலைப் பெண் இரண்டாம் பிரசவத்துக்கு வந்தாள். இந்த முறை வலி எடுப்பதற்கு ஐந்து நாட்கள் முன்னதாகவே வந்து, நிலையத்துக்கு அருகில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தாள். பிரசவம் பார்த்தவர் திரும்பி வந்த அந்தச் செவிலியர். நான் குழந்தையைத் துடைத்து வாங்கி, எடை போட்டு, பதிவேட்டில் எழுதினேன்: பெண், 2 கிலோ 700.