அக்கா போடும் மெலிவுக் குளிசை: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உறவுகளே, வணக்கம். நாங்கள் பரந்தன் பக்கம். அக்காவுக்கு 41 வயது, பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவர். இரண்டு கிழமையாக முகநூலில் பார்த்து வாங்கிய மெலிவுக் குளிசையையும் சேர்த்துப் போடுகிறார். போத்தலில் 'மூலிகை' என்று மட்டும்தான் இருக்கிறது. செய்த இடமோ பதிவு இலக்கமோ இல்லை. 3 கிலோ குறைந்தது உண்மை. ஆனால் நித்திரை இல்லை, வாய் காய்கிறது, நெஞ்சு படபடக்கிறது.

என் பயம் இதுதான். சிபுட்ராமின் என்ற மருந்து பசியை அடக்கும், ஆனால் பிரஷரையும் இதயத் துடிப்பையும் கூட்டும். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் மூலிகை என்று விற்ற குளிசைகளில் அது ஒளித்துக் கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது. அக்காவின் குணங்குறிகளும் அப்படியே இருக்கின்றன.

கெஞ்சி நிறுத்த வைத்துவிட்டேன். இன்றே போத்தலோடு டொக்டரிடம் கூட்டிப் போகிறேன். இப்படிக் குளிசையைப் பரிசோதிக்க எங்கே கொடுக்கலாம்? தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு முறையிட்டவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எங்கள் சோறு கறிக்கு ஏற்றபடி சாப்பாட்டு ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்களா? வேறு குளிசையின் பெயர் மட்டும் தர வேண்டாம், தயவுசெய்து.